பேட்டரிக் கட்டைக்குள் இருப்பது வெறும் கரியா?

தீர்ந்துபோன டார்ச் லைட் பேட்டரிக் கட்டையைக் கல்லால் தட்டி, நடுவிலுள்ள கரிக்குச்சியை எடுப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். கூடவே கொட்டும் கறுப்புப் பொடியை, "கரிதானே"ன்னு ஊதி விடுகிறோம். அது வெறும் கரி இல்லீங்க! கரித்தூளோடு மாங்கனீசு டை ஆக்சைடும் கலந்த பொடி. அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

மாங்கனீசு இயற்கையில் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. பைரோலுசைட், பிரௌனைட் போன்ற தாதுக்களில் கலந்திருக்கிறது. பைரோலுசைட்தான் மாங்கனீசு டை ஆக்சைடு. தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டும். ரோடோகுரோசைட் என்ற தாதுவோ ரோஜா நிறம்! நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட், மகாராஷ்டிராவின் நாக்பூர், பண்டாரா மாவட்டங்களில் மாங்கனீசுச் சுரங்கங்கள் உள்ளன.

இதனால் என்ன பயன்?

1. எஃகு: வெட்டியெடுக்கும் மாங்கனீசில் பெரும்பகுதி எஃகு ஆலைக்கே போகிறது. இரும்பிலுள்ள கந்தகத்தை இது பிடித்துக்கொள்வதால், சூடாக உருட்டும்போது எஃகு வெடிப்பதில்லை.

2. ரயில் பாதை: 1882-ல் ராபர்ட் ஹேட்ஃபீல்டு சுமார் 12 சதவீதம் மாங்கனீசு சேர்த்து ஓர் எஃகு செய்தார். அடி விழ விழ அதன் மேற்பரப்பு கடினமாகும்! தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் இடத்தில் அதைத்தான் வைக்கிறார்கள்.

3. பேட்டரி: துத்தநாகக் குவளையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பல்பு வழியாகச் சுற்றிவந்து கரிக்குச்சியை அடைகின்றன. அவற்றை வாங்கிக்கொள்வது இந்த மாங்கனீசு டை ஆக்சைடு. 1866-ல் லெக்லாஞ்சே கண்ட வழி இது.

4. கண்ணாடி: இரும்பு கலந்ததால் வரும் பச்சை நிறத்தைப் போக்குகிறது.

இவ்வளவு பயன் இருந்தும் ஓர் ஆபத்தும் உண்டு. நம் உடம்புக்கு மாங்கனீசு துளியளவு தேவை. அது உணவிலேயே கிடைத்துவிடும். தூசியாக மூச்சில் அதிகம் போனால் மூளையைப் பாதிக்கும். 1837-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் கூப்பர், இந்தத் தாதுவை அரைத்த தொழிலாளிகள் கால் தளர்ந்து, பேச்சுக் குழறிப் போனதை எழுதி வைத்தார்.

ஒரு கட்டையை உடைத்ததும் அந்த நோய் வந்துவிடாது. நீண்ட நாள் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு வந்தது அது. ஆனாலும் ஊதி விளையாடுகிற பொடியா இது? நீங்களே சொல்லுங்க! சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு முகமூடியும், தூசி அடக்கத் தண்ணீரும் எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதல்லவா?

பழைய பேட்டரியைக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன. ஆகவே நண்பர்களே, கட்டையை உடைக்காதீங்க! தனி டப்பாவில் சேர்த்து வையுங்கள். தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள்!