சமைக்காத உணவில் வாழைப்பழம்: பொருத்தமும் ஆபத்தும்

அடுப்பில் ஏற்றாத உணவை மட்டுமே உண்பது என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் வாழைப்பழத்தில்தான் தொடங்குகிறார்கள். விலை கட்டுப்படியாகிறது, ஆண்டு முழுவதும் கிடைக்கிறது, வயிறும் நிறைகிறது. ஆனால் இதே உணவுமுறையைப் பின்பற்றுவோரில் சிலர் வாழையை ஏற்பதில்லை. விதையில்லாமல் மனிதன் வளர்த்தெடுத்த பழம், காயாக வெட்டி மூட்டம் போட்டுப் பழுக்கவைப்பது, ஆகவே அது இயற்கை உணவே அல்ல என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் வலு இல்லை. பழுக்கும் வாழை எத்திலீன் வாயுவைத் தானே வெளியிடுகிறது. மூட்டப் புகையிலும் இருப்பது அதுதான். அந்த வாயு பட்டதும் காயிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. இதில் சமையல் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. வாழைப்பழம் இந்த உணவுமுறைக்கு நன்றாகவே பொருந்தும். அதையே மூன்று வேளைச் சாப்பாடாக்கிக்கொள்ளும் பழக்கத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இயற்கை உணவுக்காரர்கள் அதிகம் பரிந்துரைப்பது தேங்காயும் வாழைப்பழமும். நடுத்தர அளவில் 12 பச்சைப்பழமும் 200 கிராம் தேங்காயும் ஒருவர் ஒரு நாளில் உண்டால் ஏறத்தாழ 1,950 கலோரி கிடைத்துவிடும். பசி தெரியாது. ஆனால் புரதம் 22 கிராம்தான் சேரும். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தேவை சுமார் 50 கிராம். கால்சியம் 100 மில்லிகிராம் அளவில் நின்றுவிடும்; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்குச் சொல்வது 1,000 மில்லிகிராம். வைட்டமின் பி12 அறவே இல்லை. ஊறவைத்த வேர்க்கடலை, எள், முளைகட்டிய பயறு, கீரை ஆகியவற்றைச் சேர்த்தால் புரதக் குறையும் கால்சியக் குறையும் பெருமளவு தீரும். பி12 குறை தீராது. முன்னோர்கள் காய்கனி தின்றே வாழ்ந்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் மீன், முட்டை, பால் என ஏதோ ஒரு விலங்குணவையும் சேர்த்தே உண்டார்கள். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுநாள் சமைக்காத உணவு உண்ட 201 பேரின் இரத்தத்தை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவு, அவர்களில் 38 சதவீதத்தினருக்கு பி12 குறைபாடு இருந்தது என்கிறது. கை கால் மரத்துப்போவதும் ஓயாத சோர்வும் அதன் அறிகுறிகள். உடல் கழிவை வெளியேற்றுகிறது என்று சொல்லி இவற்றைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது கொடுமை. கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம். இரத்தப் பரிசோதனையும் மருத்துவர் சொல்லும் பி12 மாத்திரையும் இதற்கு எளிய தீர்வு.

பொட்டாசியம் இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்பது உண்மையே. ஆனால் அது வேலை செய்யும் சிறுநீரகம் உள்ளவர்களுக்கான உண்மை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 420 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடலில் தங்கவைப்பவை. அவற்றை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பழ உணவுக்கு மாறக் கூடாது. நீரிழிவுக்காரர்கள் இன்சுலினை நிறுத்திவிட்டுப் பழம் மட்டும் உண்பது உயிருக்கே ஆபத்து.

பழத்தைப் பழுக்கவைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவுவரை பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. கார்பைடு கல்லுக்கு முழுத் தடை உண்டு, ஏனெனில் அதிலிருந்து எழும் அசிட்டிலீனோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சுகளும் கலந்திருக்கலாம். தோல் மஞ்சளாகியும் காம்பு பச்சையாக, சதை கெட்டியாக இருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அதுவே சான்று ஆகாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-வது பிரிவுப்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் எவரும் பரிசோதனை செய்துகொள்ளலாம். விதிமீறல் உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் தரலாம்.

வாழைப்பழத்தால் சர்க்கரை நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்து இயற்கை உணவு முகாமுக்குப் பணம் வாங்குவோரையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்தையோ சிகிச்சையையோ விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கும் அதில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். உணவு ஆலோசனை இலவசம்தானே, இதில் வழக்கு எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பணம் கட்டிச் சேர்ந்த முகாம் ஒரு சேவை. அதில் குறை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்கு மேற்படாதவரை வழக்குக் கட்டணமும் கிடையாது. முகாம் ரசீது, விளம்பரத்தின் பிரதி, சேர்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் மூன்றையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தால் வழக்கு வலுவாக நிற்கும். எங்கு தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.