திருவெறும்பூரிலிருந்து பச்சைமலைக்கு: வேன் எங்கே நிற்கலாம், கால் எங்கே போகலாம்?

திருவெறும்பூர்க்காரர்களுக்குப் பக்கத்து மலை என்றால் எறும்பீஸ்வரர் கோயில் குன்றுதான். சுமார் 60 அடி உயரம், பேசிக்கொண்டே ஏறிவிடலாம். நாள் முழுக்க மலையில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் வண்டியை வடக்கே திருப்ப வேண்டும். மண்ணச்சநல்லூர், துறையூர் தாண்டிச் சோபனபுரம் போனால் பச்சைமலை அடிவாரம். மேலே டாப் செங்காட்டுப்பட்டி. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டியோடு ஒரு வேனைத் தயார் செய்து குடும்பத்தோடு அங்கே போய்வருவது அருமையான யோசனை. வண்டிக்கு ஒரு சட்டம், காட்டுக்கு வேறொரு சட்டம் என்பதை மட்டும் கிளம்புமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய டெம்போ டிராவலரின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பட்டறையில் கட்டில் அடிக்கச் சொல்வது சுலபம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. ஆகவே பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விபத்து நடந்தபின் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் இருக்கும்.

கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை வகுத்து, மறு ஆண்டு வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. பச்சைமலையில் அந்த வசதிகளை எதிர்பார்க்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். இராத்தங்கலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊருக்குள் பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் நிறுத்துவதே முறை. மரவள்ளியும் முந்திரியும் விளைவித்து வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் அவை. வேனின் கழிவுத் தொட்டியை அங்கே ஓடையோரம் திறந்துவிடுவது, அவர்கள் குடிக்கும் தண்ணீரில் திறந்துவிடுவதற்குச் சமம். கீழே வந்து, கழிவுநீர் வண்டிக்காரரை அழைத்துக் காலிசெய்யுங்கள்.

நடைக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் கடுமையானது அதற்குப் பிறகுதான். அன்று நடந்ததன் காரணத்தை மலைக்குப் போகும் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும். சமதளத்தில் தீயின் சூடு பெரும்பாலும் மேலே போய்விடும். சரிவிலோ, தீ நாக்கு மேலேயுள்ள புல்லை நோக்கிச் சாய்ந்து, எட்டுமுன்பே அதைக் காயவைத்துவிடுகிறது. அதனால் சரிவு கூடக்கூடத் தீயின் வேகமும் கூடுகிறது. மேல்நோக்கி ஓடுகிற மனிதனுக்கோ ஒவ்வொரு அடியிலும் மூச்சு குறைகிறது. கோடையில் காய்ந்த புல் சரிவில் நடக்கவே கூடாது என்பது இதனால்தான்.

2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. இணையத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். 2025இல் தீப்பருவம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடினார்கள். பச்சைமலை போன்ற இடங்களில், நீங்கள் நடக்க நினைக்கும் பாதைக்கு அனுமதி உண்டா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்ட பிறகே காலெடுத்து வையுங்கள்.

நடந்த களைப்பு தீராமல் வண்டியை இறக்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டியும் சாமானும் ஏற்றிய வேன் கனமானது; வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி, சக்கரம் ஆறும்வரை நில்லுங்கள். சூடான பிரேக் டிரம் மீது தண்ணீர் ஊற்றாதீர்கள், அதில் விரிசல் விழக்கூடும்.