திரையைப் பார்க்காமலே சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியுமா? எப்படி?

காரைக்கால் பக்கம் சுரக்குடியில் பார்வையற்ற ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வருமானச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்', கணினியில் இலவசமான 'என்விடிஏ' போன்ற திரைவாசிப்பான்கள் எழுத்தைக் குரலாக்கும்.

ஆனால் அவை திரையைப் பார்ப்பதில்லை! பிறகு எதைத்தான் படிக்கின்றன?

உங்கள் வீட்டு மளிகை டப்பாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மூடியைத் திறக்காமல், மேலே ஒட்டிய சீட்டை மட்டும் படித்துச் சொல்கிறார். சீட்டு இருந்தால் 'துவரம்பருப்பு'. இல்லையென்றால் வெறும் 'டப்பா'.

இணையப் படிவமும் அப்படியே. ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டனுக்கும் பின்னால் மென்பொருள் எழுதியவர் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். மறந்துவிட்டால் 'பட்டன், பட்டன்' என்றுதான் கேட்கும். எது 'சமர்ப்பி', எது 'நீக்கு'?

ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணை இன்னும் மோசம். அது எழுத்தே இல்லை, வெறும் படம்.

தமிழுக்கென்று தனித் தொல்லையும் உண்டு. பழைய 'பாமினி' எழுத்துருவில் அடித்த 'அம்மா' கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடில் அடித்தால் இந்தக் கூத்து இல்லை.

இதற்கெல்லாம் ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநிலை உண்டு. 2023-இல் அது மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் சேர்ந்தது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடி, ஏதாவது ஒரு அரசுப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். சிக்கிய இடத்தை அந்தத் துறைக்கு எழுதி அனுப்புங்கள்.