'லைன்' என்னும் சொல்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்சார இரயில், கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய ஊர்களைக் கடந்து தாம்பரத்தை அடைகின்றது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியில் வாழும் மக்களின் பேச்சில் ஓர் ஆங்கிலச் சொல் ஓயாது ஒலிக்கக் கேட்கலாம். 'லைன்' என்பதே அச்சொல். வண்டி ஓடும் தண்டவாளத்தை அவர்கள் லைன் என்பர். அதன் மேலே செல்லும் மின்கம்பியையும் லைன் என்பர். நியாயவிலைக் கடையின் முன் ஒருவர்பின் ஒருவராக நிற்பதும் லைனே. தொலைபேசியில் இணைப்புக் கிடைக்காதபோது, "லைன் கிடைக்கவில்லை" என்பர். பள்ளி ஆசிரியர், "மூன்றாவது லைனைப் படி" என்பார். தையற்காரர் ஆடையின் உட்புறத்தே வைத்துத் தைக்கும் துணியை 'லைனிங்' என்பார். ஒரே பொதுவழியில் அடுத்தடுத்துக் கட்டப்பட்ட சிறு வீடுகள் 'லைன் வீடுகள்' எனப்படும்.

இத்தனை பொருள்களுக்கும் ஒரே சொல் எவ்வாறு இடம் தந்தது? கேட்பவர் மயங்காமல் இருப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயன்றால், ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றி மட்டுமன்றித் தமிழ்ச் சொற்களைப் பற்றியும் அரிய செய்திகள் பல விளங்கும்.

ஒரு சொல் பல பொருள் தருதல் ஆங்கிலத்துக்கே உரிய இயல்பு அன்று. தொல்காப்பியர் இவ்வகைச் சொல்லைப் 'பலபொருள் ஒருசொல்' என்று வகுத்துக் கூறினார். நிகண்டு செய்த ஆசிரியர்களும் இதற்கெனத் தனியே ஒரு தொகுதி அமைத்தனர். 'வரி' என்பது ஏட்டில் எழுதப்பட்ட வரியையும் குறிக்கும். அரசுக்குச் செலுத்தும் இறையையும் குறிக்கும். புலியின் உடலில் உள்ள கீற்றையும் குறிக்கும். 'கோடு' என்பது மலையின் சிகரம், மரத்தின் கிளை, யானையின் தந்தம், குளத்தின் கரை எனப் பல பொருள்களை உடையது. கோடுதல் என்றால் வளைதல். வளைவைக் குறித்து எழுந்த அச்சொல்லே இன்று கணிதப் பாடத்தில் நேராக இழுக்கப்படும் கோட்டுக்கும் பெயராயிற்று. ஆதலால், வளையாத கோட்டைச் சுட்ட 'நேர்' என்பதை முன்னே சேர்த்து 'நேர்கோடு' என்று சொல்லவேண்டியிருக்கின்றது.

இனி, 'லைன்' என்னும் சொல்லின் பிறப்பைக் காண்போர் வியப்படைவர். இலத்தீன் மொழியில் 'லீனும்' என்பது ஆளிச் செடியின் பெயர். அச்செடியின் தண்டிலிருந்து நார் எடுத்து மேலை நாட்டார் நூல் நூற்றனர், ஆடையும் நெய்தனர். அந்நாரால் ஆகிய நூல் 'லீனியா' எனப்பட்டது. அதன் வழிவந்ததே 'லைன்'. அந்நூலால் நெய்த ஆடை இன்றும் 'லினன்' என்று வழங்குகின்றது. தடித்த ஆடைகளின் உட்புறத்தே லினன் துணியை வைத்துத் தைத்த வழக்கத்தால் 'லைனிங்' என்னும் சொல் உண்டாயிற்று. ஆகவே, தையற்காரரின் லைனிங் துணியும் இரயில் ஓடும் லைனும் தொடர்பற்றவை போலத் தோன்றினும், ஒரே செடியின் நாரிலிருந்து பிறந்த உறவினரே ஆவர்.

நூலை இரு முனைகளிலும் பற்றி இறுக இழுத்தால் அது நேராக நிற்கும். அந்நேர்மையால் அது கோட்டுக்குப் பெயராயிற்று. கோட்டைப் போல நீண்டு கிடக்கும் பாதைக்கும் கம்பிக்கும் அப்பெயர் சென்றது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை கோடுபோல் தோன்றுதலின், வரிசைக்கும் அது பெயராயிற்று. இங்ஙனம் ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருள் கிளைத்ததே அன்றி, ஒரே நாளில் எவரும் இத்தனை பொருள்களையும் அச்சொல்லின்மேல் ஏற்றிவிடவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்க சொல் தமிழிலும் உண்டு. அது 'நூல்' என்பது. பஞ்சினால் ஆகிய இழையும் நூல். அறிஞர் இயற்றிய ஏடும் நூல். இவ்விரு பொருளுக்கும் உள்ள தொடர்பைப் பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்தில் இரண்டு உவமைகளால் விளக்குகின்றார். பஞ்சினை இழையாக நூற்பதுபோலச் சொற்களைப் பாவாக இயற்றுதலின் அது நூல் எனப்பட்டது என்பது ஒன்று. தச்சர் மரத்தின் கோணலைக் கண்டறிந்து தீர்க்க நூலிட்டுப் பார்ப்பர். அதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பதால் நூல் எனப்பட்டது என்பது மற்றொன்று. மேலைநாட்டார் நூலிலிருந்து கோட்டை அடைந்தனர். தமிழர் நூலிலிருந்து அறிவை அடைந்தனர். இழுத்துப் பிடித்த இழையின் நேர்மையே இரண்டுக்கும் அடிப்படையாயிற்று.

இழுத்துப் பிடித்த கோட்டின் பெருமையைக் காட்டும் வரலாறு ஒன்று சென்னையின் தென்புறத்திலேயே நிகழ்ந்தது. வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கு அருகே நில அளவை ஒன்றைத் தொடங்கினார். பரங்கிமலைப் பகுதியிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்றுவரை ஏறத்தாழ ஏழரை மைல் தொலைவை 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி கொண்டு அவர் அளந்தார். வெயிலின் வெப்பத்தால் எஃகு நீளும். நீண்டால் அளவு பிழைபடும். எனவே, வெப்பமானிகளை வைத்து வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அதற்கேற்பக் கணக்கைத் திருத்தினார். இங்ஙனம் அளக்கப்பட்ட கோட்டை அடிப்படையாகக் கொண்டு முக்கோணங்கள் அடுத்தடுத்து அமைக்கப்பட்டன. அவ்வேலை பல்லாண்டு வளர்ந்து, இமயச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிடும் அளவுக்குச் சென்றது. அம்முதற்கோட்டை ஆங்கிலத்தில் 'பேஸ் லைன்' என்பர். அது தண்டவாளமும் அன்று, கம்பியும் அன்று, நிலத்தில் வரைந்து வைத்த கோடும் அன்று. இரண்டு இடங்களுக்கிடையே அறிவினால் காணப்படும் கோடு அது. இச்சொல்லை ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'அடிக்கோடு' என்று எழுதினால், எழுத்துகளின் கீழே இடும் கோடு என்றே படிப்பவர் கொள்வர். 'அடிப்படைக் கோடு' என்றால் பொருள் தெளிவாகும்.

இரயில் துறையில் இச்சொல் பெற்றுள்ள பொருள்களும் அறியத்தக்கவை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அந்நாளில் அங்கே இருந்தது ஒரு மீட்டர் அகலமுள்ள தண்டவாளம். அதில் ஓடிய புறநகர் வண்டிகள் 2004ஆம் ஆண்டில் முடிவுற்றன. இன்று 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில் வண்டிகள் செல்கின்றன. மக்களோ அன்றும் இன்றும் அதனை லைன் என்றே வழங்குகின்றனர். தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் வண்டிகளுக்கு விழுப்புரத்துக்கு அப்பால் திருச்சிராப்பள்ளி செல்ல இரு வழிகள் உண்டு. கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகச் செல்வது 'மெயின் லைன்'. விருத்தாசலம், அரியலூர் வழியாகச் செல்வது 'கார்டு லைன்'. இங்கே 'கார்டு' என்பது அஞ்சலட்டையும் அன்று; வண்டியின் பின்னே செல்லும் காவலரும் அன்று. வட்டத்தின் வில்லுக்குக் குறுக்கே இரு முனைகளை இணைத்து வரையும் நாணுக்கு ஆங்கிலத்தில் அப்பெயர் வழங்கும். வளைந்து செல்லும் பழைய பாதைக்குக் குறுக்கே நாண்போல அமைந்தமையால் புதிய பாதை அப்பெயர் பெற்றது.

ஒரு சொல்லின் பொருளைப் பிழைபடக் கொள்வதால் தேர்வில் மதிப்பெண் குறையலாம். தொழிற்களத்திலோ உயிருக்கே கேடு வரலாம். 'லைன் கிளியர்' என்னும் தொடர் இதற்குச் சான்று. தானியங்கிச் சைகைகள் இல்லாத இரயில் பாதைகளில், ஒரு நிலைய அதிகாரி வண்டியை அனுப்புமுன் அடுத்த நிலைய அதிகாரியின் இசைவைக் கேட்பார். முன்னே சென்ற வண்டி முழுதும் வந்து சேர்ந்தது என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே அவர் இசைவு தருவார். அவ்விசைவே 'லைன் கிளியர்'. இனி அப்பாதையில் வண்டி வரலாம் என்பது அதன் பொருள்.

மின்துறைப் பணியாளரும் இதே தொடரை வழங்குகின்றனர். 'எல்.சி.' என்று சுருக்கியும் சொல்வர். மின்கம்பியில் பழுது பார்க்கவேண்டுமாயின், முதலில் அதில் மின்னோட்டத்தை நிறுத்துவர். கம்பியை நிலத்தோடு இணைப்பர். பின்னர், இன்ன பணியாளர் இன்ன கம்பியில் வேலை செய்யலாம் என எழுத்து மூலம் இசைவு தருவர். அவ்விசைவுக்கும் பெயர் 'லைன் கிளியர்'. வேலை முடிந்து அனைவரும் கீழே இறங்கி இசைவைத் திருப்பித் தந்த பின்னரே மீண்டும் மின்சாரம் விடப்படும். இரயில் துறையில் அத்தொடர், "வண்டி வரும், மனிதர் விலகுக" என்கின்றது. மின்துறையில் அதே தொடர், "மின்சாரம் வாராது, மனிதர் செல்க" என்கின்றது. சொற்கள் ஒன்றே, பொருளோ எதிரெதிர். ஒரு துறையின் பொருளை மற்றொரு துறையிற் கொண்டால் விளையும் தீங்கு சொல்லாமலே விளங்கும். தொழிலாளர் மயங்காதிருப்பதற்குக் காரணம், தாம் நிற்கும் இடமும் செய்யும் தொழிலும் அச்சொல்லின் பொருளை வரையறுத்துவிடுவதே ஆகும்.

மனிதரின் வாழ்வையே ஒரு சொல் தன்னுள் மறைத்து வைத்திருப்பதும் உண்டு. படைவீரர் வரிசையாகக் கட்டப்பட்ட குடில்களில் தங்கிய இடத்தை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்று அழைத்தனர். காவலர் குடியிருப்பைப் 'போலீஸ் லைன்' என்பது அவ்வழக்கின் எச்சமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் இலங்கையின் மலைநாட்டுக்குச் சென்று காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். அவர்கள் தங்குவதற்கு ஒரே கூரையின்கீழ்ச் சிறு சிறு அறைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. ஆங்கிலத் துரைமார் 'லைன்' என்றதை அம்மக்கள் 'லயன்' என்றும் 'லயம்' என்றும் தம் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். இசை நூலில் லயம் என்பது தாளத்தின் கால அளவு. மலைநாட்டுத் தமிழரின் பேச்சில் லயம் என்பது ஒற்றை அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்த வீடு. "லயத்தில் பிறந்தவர்" என்று அவர்கள் எழுதினால், அதனை இசைக்குடும்பத்தில் பிறந்தவர் என்று கொள்ளலாகாது. அச்சொல்லை அறிந்தவருக்கே அவ்வாழ்க்கையின் துன்பமும் உழைப்பும் புலப்படும்.

இவற்றால், ஒரு சொல்லின் பொருள் அச்சொல்லினுள் மட்டும் இல்லை என்பது தெளிவாகும். அது முன்னும் பின்னும் நிற்கும் சொற்களிலும், பேசுவோர் தொழிலிலும், அவர்தம் ஊரிலும் வரலாற்றிலும் இருக்கின்றது. ஆங்கிலத்தைத் தமிழாக்கும் மாணவர் 'லைன்' என்பதைக் கண்டவிடமெல்லாம் 'கோடு' என்று எழுதுவாராயின், தொலைபேசியில் பேசுவோரைக் 'கோட்டில் இருங்கள்' என்று சொல்லும்படி நேரும். ஏட்டில் வரி, செய்யுளில் அடி, மக்கள் நிற்கையில் வரிசை, இரயிலுக்குப் பாதை, மின்சாரத்துக்குக் கம்பி, தொலைபேசிக்கு இணைப்பு, கணிதத்தில் கோடு, ஆடையில் உள்துணி என இடத்துக்கு ஏற்ற சொற்கள் தமிழில் நிறைந்துள்ளன. பேச்சில் லைன் என்ற ஒரு சொல்லே எல்லா இடத்தையும் பற்றிக்கொள்ளுமாயின், இச்சொற்கள் ஒவ்வொன்றாக நாவிலிருந்து நழுவும். நழுவிய சொல்லோடு, அது காட்டிய நுண்ணிய வேறுபாடும் மறையும்.

பிறமொழிச் சொல்லின் பல பொருள்களை ஆராய்ந்தறிவது அம்மொழியில் தேர்ச்சி தரும். அவற்றுக்கு நேரான தமிழ்ச் சொற்களைத் தேடி வழங்குவது தாய்மொழியில் வளம் தரும். தச்சர் நூலிட்டுப் பார்த்த பின்னரே மரத்தை அறுப்பர். அதுபோல, இடமும் தொழிலும் நோக்கிப் பொருளைத் துணிந்த பின்னரே சொல்லை எடுத்தாளுதல் கற்போர்க்குக் கடனாகும்.