நிரப்பிய படிவம் வெறுமையாவது ஏன்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

பிறப்புச் சான்று தொடங்கி ஓய்வூதியம் வரை மனிதனுடைய வாழ்வு படிவங்களோடு பிணைந்தே செல்கிறது. முன்பு அவற்றைத் தாளில் நிரப்பினோம். இன்று பல படிவங்கள் பி.டி.எஃப். கோப்புகளாக வருகின்றன. தாளில் எழுதியது தாளிலேயே இருக்கும். யார் கையில் கொடுத்தாலும் அதே எழுத்துத்தான். பி.டி.எஃப். படிவத்திற்கோ அந்த உறுதி இல்லை. நம் திரையில் நிறைந்து நிற்கும் படிவம் மற்றொருவர் திரையில் வெறுமையாகத் தோன்றக்கூடும். இதற்குக் காரணம் என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

படிக்கப் பிறந்தது, நிரப்பப் பழகியது

எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அச்சிட்டாலும் ஓர் ஆவணம் ஒரே மாதிரி தோன்ற வேண்டும் என்று 1991-இல் எண்ணினார் அடோபி நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜான் வார்னாக். அந்த எண்ணமே 1993-இல் பி.டி.எஃப். ஆக வெளிவந்தது. ஆக, அது பிறந்தது படிப்பதற்காக, நிரப்புவதற்காக அன்று. நிரப்பும் கட்டங்கள் 1996-இல் வந்த 1.2 பதிப்பில்தான் சேர்ந்தன. 2008-இல் பி.டி.எஃப். ஐ.எஸ்.ஓ. 32000 என்னும் உலகத் தரமாயிற்று. இன்று அடோபி ரீடர் மட்டுமன்றி பயர்பாக்ஸ், குரோம் போன்ற உலவிகளும், லினக்ஸில் ஆக்குலர், எவின்ஸ் போன்ற மென்பொருள்களும் இக்கோப்புகளைத் திறக்கின்றன. படித்துக் காட்டுவதில் இவற்றிடையே பெரிய வேறுபாடு இல்லை. நிரப்புவதில்தான் ஒவ்வொன்றும் ஒரு வழியில் போகிறது.

சரக்கும் சீட்டும்

ஒரு கட்டத்தில் நம் பெயரைத் தட்டச்சு செய்தால் கோப்பில் இரண்டு செய்திகள் பதிவாக வேண்டும். ஒன்று மதிப்பு, அதாவது, அந்தப் பெயர். மற்றொன்று தோற்றம், அதாவது, அப்பெயர் எந்த எழுத்துருவில், எந்த அளவில், எங்கே வரையப்பட வேண்டும் என்பது. மூட்டைக்குள் இருக்கும் சரக்கு மதிப்பு என்றால், மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டு தோற்றம் எனலாம்.

சில மென்பொருள்கள் சரக்கை வைத்துவிட்டுச் சீட்டு ஒட்டாமல் விட்டுவிடுகின்றன. "திறப்பவர் வரைந்துகொள்க" என்று ஒரு குறிப்பை மட்டும் கோப்பில் எழுதிவைக்கின்றன. திறக்கும் மென்பொருள் அக்குறிப்பைப் பொருட்படுத்தாவிட்டால் கட்டம் காலியாகத் தெரியும். சில நேரங்களில் கட்டத்தைச் சொடுக்கினால் எழுத்து தோன்றும். வெளியே சொடுக்கினால் மறைந்துவிடும். மந்திரம் ஒன்றுமில்லை, சரக்கு இருக்கிறது, சீட்டு இல்லை, அவ்வளவுதான். இக்குழப்பத்தை உணர்ந்துதான் 2017-இல் வந்த பி.டி.எஃப். 2.0 தரம் இந்தக் குறிப்பு முறையைக் கைவிடச் சொன்னது. ஆனால் பழைய கோப்புகளும் பழைய மென்பொருள்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றனவே!

பொறுத்தும் திறவாத படிவம்

வேறொரு வகைப் படிவமும் உண்டு. எக்ஸ்.எஃப்.ஏ. எனப்படும் இம்முறை 2003-இல் வந்த 1.5 பதிப்பில் பி.டி.எஃப்.-உடன் இணைந்தது. இதில் உண்மையான படிவம் வேறொரு மொழியில் எழுதப்பட்டு உள்ளே இருக்கும்; பி.டி.எஃப். வெறும் உறை. அம்மொழி அறியாத மென்பொருளில் திறந்தால், "சற்றுப் பொறுக்கவும்" என்று ஆங்கிலத்தில் எழுதிய உறை மட்டுமே தெரியும். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். இங்கே எத்தனை நாள் பொறுத்தாலும் படிவம் வராது! பயர்பாக்ஸ் உலவி இவ்வகைப் படிவங்களைத் திறக்கக் கற்றது 2021-இல்தான்.

இவையன்றி, கட்டங்களே இல்லாமல் வெறும் கோடுகள் மட்டும் கொண்ட படிவங்களும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. சொடுக்கிப் பார்த்த பின்புதான், எழுத இடமில்லை என்பது தெரியும்.

சேமிப்பிலும் சிக்கல் இருந்தது. 2012-இல் அடோபி ரீடர் 11 வரும்வரை, தனி அனுமதி பெறாத படிவங்களை இலவச ரீடரில் நிரப்பி அச்சிடலாம். நிரப்பியதைச் சேமிக்க இயலாது. ஆக்குலரின் பழைய பதிப்புகள் நிரப்பிய விவரங்களைப் படிவத்தில் வைக்காமல் நம் கணினியின் வேறொரு மூலையில் வைத்துக்கொண்டன. கோப்பை அனுப்பினால் வெற்றுப் படிவமே போய்ச் சேரும்.

தமிழில் நிரப்பினால்?

படிவக் கட்டங்களுக்குப் பெரும்பாலும் ஹெல்வெட்டிகா போன்ற ஆங்கில எழுத்துருவே அமைக்கப்படுகிறது. அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. மென்பொருள் வேறு எழுத்துருவைத் தேடிக்கொள்ளாவிட்டால், தமிழ்ப் பெயர் வெறும் சதுரங்களாகிவிடும்.

எழுத்தெண்ணிக்கையிலும் தொல்லை உண்டு. 'கோவிந்தன்' என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் ஐந்து. யூனிகோடு முறையிலோ துணையெழுத்தும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஒன்பது. எட்டுக்கு மேல் ஏற்காத கட்டத்தில் அப்பெயரை எழுதினால் கடைசிப் புள்ளி உதிர்ந்து 'கோவிந்தன' என்று நின்றுவிடும். சான்றிதழில் ஒரு புள்ளி மாறினால் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

யாருக்கு நட்டம்?

ஒரு வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் இருந்தால், அந்தத் தெருவின் படிவங்களெல்லாம் அவரிடம் வந்து சேரும். அப்படித்தான் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வந்தார். மகளின் படிப்புக்காக ஓர் அறக்கட்டளைக்கு அவர் அனுப்பிய படிவம், "விவரம் ஏதும் இல்லை" என்று தள்ளப்பட்டிருந்தது. அவருடைய செல்பேசியில் திறந்து பார்த்தேன். எல்லா விவரமும் இருந்தது. என் கணினியில் திறந்தேன். அத்தனை கட்டமும் காலி. "எனக்குத்தான் எழுதத் தெரியலை போல, தம்பி" என்றார் அவர். கடைசி நாள் கடந்துவிட்டது. மென்பொருளின் குறையைத் தம் அறியாமை என்று எண்ணி ஒருவர் தலைகுனிவதுதான் இதில் பெரிய நட்டம்.

நாம் செய்யத்தக்கவை

நிரப்பிய படிவத்தைப் புதுப்பெயரில் சேமித்து, வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்த பின்பே அனுப்புதல் நலம். பெறுபவர் படித்துப் பார்ப்பது மட்டுமே என்றால், 'அச்சிடு' கட்டளையில் அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்து புதுப்பிரதி எடுக்கலாம். அதில் எழுத்துகள் தாளோடு ஒட்டிவிடும். பெறும் அலுவலகக் கணினியே விவரங்களை எடுத்துக்கொள்ளும் படிவமாயின் இவ்வழி உதவாது. அவர்கள் சொல்லும் மென்பொருளில்தான் நிரப்ப வேண்டும்.

படிவம் தயாரிப்போருக்கும் கடமை உண்டு. தமிழ் எழுத்துருவைக் கோப்பிலேயே சேர்க்கலாம். எழுத்தெண்ணிக்கை வரம்பைத் தளர்த்தலாம். செல்பேசியிலும் ஒருமுறை நிரப்பிச் சோதிக்கலாம். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம் 2006-இல் தொடங்கிய எம்.சி.ஏ.21 திட்டத்தில் பல்லாண்டுகள் பி.டி.எஃப். படிவங்களே இருந்தன, மூன்றாம் பதிப்பில் அவை இணையதளத்திலேயே நிரப்பும் முறைக்கு மாறின. மற்ற அலுவலகங்களும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் மென்பொருள் எழுதுவோம். சிலர் அலுவலக மேசையில் அமர்ந்து படிவங்களைப் பெறுவோம். வெற்றுப் படிவம் ஒன்று வந்தால் "நிரப்பவில்லை" என்று தள்ளிவிடாமல், கட்டத்தை ஒருமுறை சொடுக்கிப் பார்ப்போம். உள்ளே ஒரு பெயர் இருக்கலாம்.