தீர்ந்தும் தீராத பாட்டரி

கைவிளக்கின் ஒளி மங்கியதும் பாட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறோம். அது தீர்ந்துவிட்டதென்பது நம் எண்ணம். ஆயினும் அதனுள் மின்சாரம் சிறிது எஞ்சியே இருக்கிறது.

இவற்றுள் மிகக் கொடியது, பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் உள்ள, நாணயம் போன்ற லித்தியம் பாட்டரி. குழந்தை விழுங்கிய பாட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் பாயும். அங்கு உண்டாகும் காரம் 2 மணி நேரத்திற்குள் தசையைக் கடுமையாக அரித்துவிடும். வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு விரைவதே வழி.

ஆகவே பெற்றோரே, கழற்றியவுடன் பாட்டரியின் இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடுங்கள். மூடாத முனைகள் உலோகத்தில் பட்டால் சூடேறித் தீப்பற்றவும் கூடும். பின்னர் பிளாஸ்டிக் டப்பாவில் இட்டு, ஈரமும் வெப்பமும் அணுகாத, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுப்பிலோ குப்பையிலோ எறியாதீர்கள்.

பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை, இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளன. டப்பா நிறைந்ததும் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். சாதாரணப் பாட்டரியிலுள்ள துத்தநாகமும் எஃகும் மீண்டும் பயன்படும்.

இன்றிரவே அந்த இழுப்பறையைத் திறந்து பாருங்கள். நாளை அதைத் திறப்பது நம் குழந்தையின் கையாக இருக்கலாம்.