ஒற்றும் உடையும்

சென்ற தவணையில் ஒருநாள் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைப் பாடஞ்சொல்லிக் கொண்டிருந்தேன். கண்டோர் ஐயுறாத கோலமே ஒற்றருக்கு முதல் இலக்கணம் என்றேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, பழைய ஆங்கிலப் படங்களில் வரும் ஒற்றர் பெண்கள் ஊரே திரும்பிப் பார்க்கும்படியல்லவா உடுத்துகிறார்கள்?” என்று வினவினாள். “அது சினிமாப் பகட்டு, இலக்கணப் பிழை” என்று கூறி அவளை இருத்திவிட்டேன். வகுப்புச் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அம்முகம் என் மனத்தை உறுத்தவே, அப்படங்கள் சிலவற்றைத் தேடிப் பார்த்தேன். பிழை எவருடையது என்பது அப்பொழுதே விளங்கிற்று.

1946இல் ஹிச்கொக் இயக்கிய ‘நொட்டோரியஸ்’ படத்தில், பகைவன் மாளிகையிலே ஒரு பெருவிருந்து நடைபெறுகின்றது. ஒற்றாக அவனை மணந்திருக்கும் இங்கிறிட் பேர்க்மன், ஈடித் ஹெட் அமைத்த கரிய மாலையுடையில் விருந்தினரை வரவேற்கிறாள். கமரா மண்டபத்தின் உச்சியிலிருந்து மெல்ல இறங்கி, அவளது மூடிய கையை அணுகுகின்றது. அக்கைக்குள் இருப்பது மதுவறையின் திறப்பு. உடையைக் கண்ட கண்கள் கையைக் காணவில்லை. அவ்விருந்திலே எளிய பருத்தியுடையில் ஒருத்தி நின்றிருந்தால் அன்றோ அனைவரும் ஐயுற்றிருப்பர்! ஐயுறாக் கோலம் என்பது எளிய கோலமன்று. இடத்துக்கு இயைந்த கோலம். முப்பதாண்டு குறள் கற்பித்த நான் இதனை ஒரு திரைப்படத்தில் கற்க நேர்ந்தது.

இடம் மாறினால் கோலமும் மாறும் என்பதற்கு 1931இல் வெளிவந்த ‘டிஸ்ஒனேர்ட்’ நல்ல சான்று. ஒஸ்திரியாவின் ஒற்றராக நடிக்கும் மார்லீன் டீற்றிச், டிராவிஸ் பான்டன் வகுத்த உடைகளில் ஒளிர்கிறாள். அவளே உருசியப் படையினர் நடுவே ஒப்பனையற்ற நாட்டுப்புறப் பணிப்பெண்ணாகவும் புகுகிறாள். இறுதியிலே, சுடவிருக்கும் வீரர்முன் நின்று உதட்டுச் சாயத்தைச் சீர்செய்து கொள்கிறாள். அக்கணத்தில் அலங்காரம் ஏமாற்றுக் கருவியன்று; அஞ்சாமையின் அடையாளம்.

மெய் வரலாறும் இவ்விலக்கணத்துக்கு மாறானதன்று. வேர்ஜீனியா ஹோல் என்னும் அமெரிக்கப் பெண்மணி, 1933இல் துருக்கியில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தால் இடக்காலை இழந்தவர். 1944இல் ஜேர்மனியர் பிடியிலிருந்த பிரான்சுக்குள் புகுந்தபோது, தலைமயிரை நரைக்கச் செய்து, அகன்ற பாவாடைகள் அணிந்து, தளர்நடைக் கிழவியாய்த் திரிந்தார். அவரைத் தேடிய பகைவருக்கு நொண்டும் நடையே அடையாளமாகும். அந்த நடையை மறைத்தது அக்கிழவிக் கோலம்.

ஆயின், உடையைக் கொண்டே ஒருத்தியை அளப்பதில் ஒரு கொடுமையும் உண்டு. கிரெட்டா கார்போ 1931இல் நடித்த ‘மாதா ஹரி’யில், ஏட்ரியன் அமைத்த மணிகள் மின்னும் உடைகள் இன்றும் கண்ணைப் பறிப்பன. கொலைக்களம் ஏகும் காட்சியிலோ அவள் அணியொன்றுமின்றிக் கறுப்புடையில் நடக்கிறாள். அப்பெயருக்குரிய மெய்யான பெண், ஒல்லாந்து நாட்டிலே 1876இல் பிறந்த மார்கரெத்தா செல்லே. ஜாவாவில் சிலகாலம் வாழ்ந்து, மலாய் மொழியில் ஞாயிற்றைக் குறிக்கும் பெயரைப் பூண்டு, பாரிசில் ஆடிப் புகழ்பெற்றாள். 1917 ஒக்ரோபர் 15ஆம் நாள் வான்சென்னில் அவளைச் சுட்டுக் கொன்றனர். அவளால் பிரான்சுக்குப் பெருங்கேடு எதுவும் விளைந்ததா என இன்று வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். அவளுடைய ஆடற்கோலமும் ஆடம்பரமுமே பலர் கண்ணுக்குக் குற்றச் சான்றாய்த் தோன்றின போலும்.

நானும் அன்று வகுப்பிலே அதனையே செய்தேன். உடையைக் கண்டேன், அதன் உள்ளே இருந்த அறிவைக் கண்டிலேன்.

அடுத்த பாடவேளையில், “பிள்ளை, அன்று நீ கேட்டது நல்ல கேள்வி, நான் சொன்ன விடைதான் பிழை” என்று அனைவரும் கேட்க அவளிடம் கூறினேன். இம்முறை வகுப்புச் சிரிக்கவில்லை. அவள்மட்டும் சற்றே முறுவலித்தாள்.